கணக்கு வராதவர் பிபிஏ-வில் ஃபைனான்ஸ் எடுக்கலாமா?

உங்கள் தங்கை கோவையில் ஒரு கலைக் கல்லூரியில் பிபிஏ இரண்டாம் ஆண்டு படிக்கிறார். பிளஸ் டூவில் கணக்குப் பாடம் எடுக்காதவர். மூன்றாம் ஆண்டில் மார்க்கெட்டிங், ஹெச்.ஆர், ஃபைனான்ஸ் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபைனான்ஸ் எடுத்தால் அரியர் விழுமா, பாஸானாலும் வேலை கிடைக்குமா, பேசாமல் பி.காமுக்கே போயிருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை இரண்டு கேள்விகளாகவே நான் பார்க்கிறேன். ஃபைனான்ஸ் பாடம் கேட்கும் கணக்கு எவ்வளவு, அது தங்கைக்கு எட்டுமா என்பது ஒன்று. இளநிலைப் பட்டத்துக்குள் படிக்கும் அந்த நான்கைந்து தாள்கள் உண்மையில் என்ன தருகின்றன என்பது இன்னொன்று. வேலை பற்றிய பதில் இரண்டாவதிலிருந்துதான் வரும்.

வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, பிறகு கல்லூரிக்கு வந்து பல வருடங்களாக இந்தத் தாள்களைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன். என் அனுபவம் தமிழ்நாட்டில் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கலை அறிவியல் கல்லூரிகளைச் சார்ந்தது. கீழே சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

கணக்கைப் பற்றி உறுதியாகவே சொல்லலாம். பிபிஏ-வில் வரும் ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் தாளுக்குச் சதவீதம், கூட்டு வட்டி, அடுக்கு, ஒரு மாறி உள்ள சமன்பாடு, சராசரி, திட்ட விலக்கம் இவ்வளவும் தெரிந்தால் போதும். நுண்கணிதம் வேண்டாம். ஆப்ஷன் (முன்பே பேசிய விலையில் பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலை கணக்கிடும் பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் சில பாடத்திட்டங்களில் தலைகாட்டும். அங்கேயும் எண்களைச் சூத்திரத்தில் போட்டு விடை எடுப்பதோடு சரி, அதை வருவிக்கச் சொல்ல மாட்டார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் பாஸான ஒரு பெண்ணால் இது முடியும்.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் இந்தத் தாளில் அரியர் வைக்கிறார்கள்? நான் பார்த்தவரை, பெருக்கல் வகுத்தலில் தடுமாறியவர்கள் குறைவு. பெரும்பாலோர் முதலாண்டு அக்கவுன்ட்ஸைப் புரிந்துகொள்ளாமல் கடந்து வந்தவர்கள். தேய்மானம் என்பது பணமாக வெளியே போகாத செலவு என்று முதலாண்டிலேயே மனதில் பதியாதவருக்கு, இரண்டாம் ஆண்டில் ஒரு இயந்திரத் திட்டத்தின் பணவரவைக் கணக்கிடும்போது தேய்மானத்தை முதலில் கழித்து, வரி போட்டு, பிறகு ஏன் திரும்பக் கூட்டுகிறோம் என்பது புரியாது. சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடுவார். கேள்வியில் ஒரு வரி மாறினால் கை நின்றுவிடும். அதே மாதிரிதான் வட்டியும். திட்டத்தின் பணவரவிலிருந்து கடன் வட்டியைக் கழிக்கக் கூடாது, ஏனென்றால் வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்க நாம் எடுத்துக்கொள்ளும் விகிதத்திலேயே அந்த வட்டிச் செலவு அடங்கியிருக்கிறது. இது புரியாமல் ஒரே செலவை இரண்டு முறை கழித்துவிட்டு வரும் விடைத்தாள்களை ஒவ்வொரு பருவத்திலும் திருத்துகிறேன். ஆகவே தங்கையிடம் “கணக்கு வருமா” என்று கேட்காதீர்கள். “ஒரு டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் இருப்பையும் தொகுத்த பட்டியல்) கொடுத்தால் யார் உதவியும் இல்லாமல் பேலன்ஸ் ஷீட் வரை கொண்டுபோக முடியுமா” என்று கேளுங்கள். முடியும் என்றால் தைரியமாக எடுக்கலாம். முடியாது என்றால், இந்தக் கோடை விடுமுறையில் தமிழ்நாட்டு அரசின் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகங்களை வைத்து முதலிலிருந்து போட்டுப் பார்க்கட்டும். தமிழ் வழியிலும் இருக்கிறது, தெளிவாகவும் இருக்கிறது.

இனி இந்தத் தாள்கள் என்ன தருகின்றன என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்குத்தான் நான் நிறைய இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

அக்கவுன்ட்ஸ் நடந்து முடிந்ததைப் பதிவு செய்கிறது. ஃபைனான்ஸ் இரண்டு விஷயங்களைக் கூடுதலாகக் கேட்கிறது: பணம் எப்போது கைக்கு வரும், வராமல் போக எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது. ‘எப்போது’ என்பதற்கு எளிய உதாரணம்: மூன்று வருடம் கழித்து வரப்போகும் ஒரு லட்சம் ரூபாய், வருடத்துக்கு 10 சதவீதம் ஈட்ட முடிகிறவருக்கு இன்றைக்கு 75,131 ரூபாய்க்குத்தான் சமம். ஒரு லட்சத்தை 1.1-ஆல் மூன்று முறை வகுத்தால் வந்துவிடும். வீட்டுக் கடன் தவணை, கடன் பத்திரத்தின் விலை, ஒரு தறியை வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவு எல்லாம் இந்த ஒரே வகுத்தலின் விரிவுகள்தான்.

இதைவிட நம் ஊருக்கு முக்கியமானது வொர்க்கிங் கேபிடல், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் பணம். பாடப்புத்தகத்தில் இது ஏழாவதோ எட்டாவதோ அலகாக வரும், பருவக் கடைசியில் அவசர அவசரமாக நடத்தி முடிப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம், எண்கள் என் கற்பனை. வருட விற்பனை 3 கோடி, மொத்தச் செலவு 2 கோடி 70 லட்சம், ஆக லாபம் 30 லட்சம். நூல் வாங்கிக் கையிருப்பில் 15 நாள், நிட்டிங், சாயம், தையல், பேக்கிங் என்று 30 நாள், சரக்கு ஏற்றி வெளிநாட்டு வாங்குபவரிடமிருந்து பணம் வர 75 நாள். மொத்தம் 120 நாள். நூற்பாலை 30 நாள் கடன் தருகிறது. மீதி 90 நாளுக்கு யாராவது பணம் போட்டே ஆக வேண்டும். 2 கோடி 70 லட்சத்தை 365-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 66 லட்சத்துக்கு மேல் வருகிறது. வருட லாபத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான பணம் எப்போதும் ஓட்டத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் ஒரு பெரிய ஆர்டர் வந்து விற்பனை இரட்டிப்பானால் லாபமும் 60 லட்சம் ஆகும் என்று முதலாளி சந்தோஷப்படுவார். ஆனால் அந்த லாபம் கைக்கு வருவதற்கு முன்பே இன்னொரு 66 லட்சம் தேவைப்படும். அதற்கு ஏற்பாடு செய்யாதவர் நூலுக்கும் கூலிக்கும் பணம் தர முடியாமல் நின்றுவிடுவார். லாபத்தில் இருக்கும்போதே ஒரு கம்பெனி முடங்க முடியும் என்பது இந்தப் பாடத்தின் சாரம். கடன் பிரிவில் என் மேசைக்கு வந்த கோப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் கதையின் ஏதோ ஒரு வடிவம்தான்.

வங்கிகள் இதற்கு ஒரு நேரடி வழி வைத்திருக்கின்றன. ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சொன்னது அது. சிறு தொழிலுக்கு எதிர்பார்க்கும் வருட விற்பனையில் 25 சதவீதம் வொர்க்கிங் கேபிடல் தேவை என்று வைத்துக்கொண்டு, விற்பனையில் 20 சதவீதத்தை வங்கி தர வேண்டும், மீதி 5 சதவீதத்தை உரிமையாளர் போட வேண்டும். 25 சதவீதம் என்பதற்குள்ளேயே ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: பணம் வருடத்துக்கு நான்கு முறை சுற்றி வரும், அதாவது ஒரு சுற்றுக்கு மூன்று மாதம். மேலே சொன்ன 90 நாள் கம்பெனிக்கு இது பொருந்தும். சுற்று ஐந்து மாதம் ஆகும் தொழிலுக்குப் பற்றாது. சூத்திரத்தை மட்டும் படித்தவருக்கும் சூத்திரத்துக்குள் இருக்கும் ஊகத்தைப் படித்தவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். இதோடு தொடர்புள்ள சட்டத்தையும் தங்கை தெரிந்துகொள்ளட்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் ஒரு உட்பிரிவைச் சேர்த்து, இப்படித் தாமதித்த தொகையைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்டலாம் என்று ஆக்கியது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எந்த ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

இரண்டாவது விஷயம் ரிஸ்க். இதற்கு நான் வகுப்பில் எடுத்துக்கொள்வது கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் முடிவை. வணிகர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி, பின்னாளில் பெரிய கம்பெனிக் கடன்களுக்குப் போனது. 2020 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 25 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதே வருடம் நவம்பர் 17 அன்று பணம் எடுப்பதற்கு 25,000 ரூபாய் வரம்பு வைத்தார்கள், நவம்பர் 27 அன்று சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைத்தார்கள். டெபாசிட் போட்டவர்களின் பணம் பத்திரமாக வந்தது. பங்கு வைத்திருந்தவர்களின் முதலீடு பூஜ்யம் ஆனது. டயர் 2 பத்திரம் (வங்கி நொடித்தால் டெபாசிட்காரர்களுக்குப் பிறகே பணம் கிடைக்கும் கடன் பத்திரம்) வாங்கியிருந்தவர்களின் 318 கோடி ரூபாயும் எழுதித் தள்ளப்பட்டது. யாருக்கு வட்டி அதிகம், யார் முதலில் இழப்பார், ஏன் இழப்பவருக்கே அதிக வருமானம் எதிர்பார்க்கும் உரிமை என்று புத்தகத்தில் மூன்று அலகாகப் பிரித்து எழுதியிருப்பது இந்தப் பத்து நாட்களுக்குள் அடங்கியிருக்கிறது. பங்கு வைத்திருந்த குடும்பங்கள் கரூரில் எத்தனையோ. அவர்களின் இழப்பை நினைத்தால், இதை மதிப்பெண்ணுக்காக மட்டும் நடத்த எனக்கு மனம் வருவதில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பாடத்தில் வரும் எல்லாமே ஒரே அளவு உறுதியானவை இல்லை. பணத்தின் கால மதிப்பு, வொர்க்கிங் கேபிடல் சுற்று, கடன் அதிகமானால் பங்குதாரரின் லாபமும் நஷ்டமும் இரண்டுமே பெரிதாகும் என்பது இவை கணிதம், சந்தேகத்துக்கு இடமில்லை. மோடிக்லியானியும் மில்லரும் 1958-இல் சொன்ன தேற்றம், வரியும் வேறு தடங்கல்களும் இல்லாத உலகில் ஒரு கம்பெனியின் மதிப்பு அது கடன் வாங்கியதா பங்கு விற்றதா என்பதைப் பொறுத்து மாறாது என்கிறது. அந்த நிபந்தனைகளுக்குள் அது சரி. நிஜத்தில் வரியும் திவால் செலவும் உண்டு, அதனால் விடை மாறும். பங்கின் ரிஸ்க்கை ‘பீட்டா’ என்ற ஒற்றை எண்ணால் அளக்கும் முறை இன்னும் ஆட்டமான நிலம். ஃபாமாவும் ஃப்ரெஞ்சும் 1992-இல் அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து, பீட்டா மட்டும் வருமானத்தைச் சரியாக விளக்கவில்லை என்று காட்டினார்கள். சந்தை விலையில் எல்லாத் தகவலும் அடங்கிவிட்டது என்ற ஃபாமாவுக்கும், சந்தை அடிக்கடி அறிவை மீறி ஓடுகிறது என்ற ஷில்லருக்கும் 2013-இல் ஒரே மேடையில் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். துறையின் உச்சியிலேயே இந்த அளவு கருத்து வேறுபாடு இருக்கிறது. தேர்வில் பீட்டா போட்டு விடை எழுதட்டும், ஆனால் அதை இயற்பியல் விதி மாதிரி நம்ப வேண்டாம்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஃபைனான்ஸ் எடுக்கும் பிள்ளைகளில் ஒரு கூட்டம் ஷேர் மார்க்கெட்டில் சம்பாதிக்கும் வழியைக் கற்றுக்கொள்ள வருகிறது. மூன்றாம் ஆண்டில் போனில் ஆப்ஷன் டிரேடிங் ஆரம்பித்துவிடுகிறார்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் சொல்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். உங்கள் தங்கைக்கு அந்த எண்ணம் இருந்தால், பட்டப் படிப்பில் அதற்கான வழி எதுவும் இல்லை என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

சரி, வேலை. முதலில் உறுதியானவை. வங்கிகளுக்கான ஐபிபிஎஸ் தேர்வுகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், ஃபைனான்ஸ் படித்ததற்குத் தனிச் சலுகை கிடையாது. ஆரம்பத் தேர்வில் வருவது ஆங்கிலம், எண் திறன், ரீசனிங். அங்கே கணக்கைத் தவிர்க்கவே முடியாது. வேலைக்குச் சேர்ந்த பின் எழுதும் ஜேஏஐஐபி தேர்வில்தான் இந்தப் படிப்பு கைகொடுக்கும். சிஏ-வுக்குப் போக விரும்பினால், வணிகவியல் பாடங்கள் படித்த பட்டதாரி 55 சதவீதமும் மற்றப் பட்டதாரி 60 சதவீதமும் எடுத்திருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக இன்டர்மீடியட்டில் சேரலாம். எனவே பிபிஏ என்பதால் அந்தக் கதவு மூடிவிடவில்லை. எம்பிஏ போகிறார் என்றால் எந்த விருப்பப் பாடம் எடுத்தாலும் தடை இல்லை, ஆனால் முதல் பருவத்திலேயே அக்கவுன்ட்ஸும் ஃபைனான்ஸும் வேகமாக ஓடும், அங்கே இவர் மற்றவர்களைவிட முன்னால் இருப்பார்.

நேரடி வேலை என்றால் இளநிலை ஃபைனான்ஸ் மாணவர்கள் நம் பக்கம் அதிகம் போவது மூன்று இடங்களுக்கு. சென்னையிலும் கோவையிலும் உள்ள பன்னாட்டு நிறுவனங்களின் பின்னணி அலுவலகங்கள் ஒன்று: இன்வாய்ஸ் சரிபார்ப்பது, கணக்குகளை ஒப்பிட்டுப் பொருத்துவது, மியூச்சுவல் ஃபண்ட் போன்ற நிதித் திட்டங்களின் அன்றாட மதிப்பைக் கணக்கிடுவது. தனியார் கடன் நிறுவனங்கள் இன்னொன்று. சுந்தரம் ஃபைனான்ஸ், சோழமண்டலம், ஸ்ரீராம் மூன்றுக்கும் பதிவு அலுவலகம் சென்னையில்தான், கிளைகளில் கடன் மதிப்பீடு, வசூல் வேலைகளுக்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாவது உள்ளூர்க் கம்பெனிகளின் அக்கவுன்ட்ஸ் பிரிவு. இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் என்று யூடியூபில் காட்டும் வேலைக்கு பிபிஏ முடித்த கையோடு போனவரை எங்கள் மாதிரிக் கல்லூரிகளில் நான் பார்த்ததில்லை. தொடக்கச் சம்பளம் எவ்வளவு, மூன்று வருடம் கழித்து அந்தப் பின்னணி வேலைகளில் எத்தனை மென்பொருளுக்குப் போய்விடும் என்பதை யாரும் இப்போது உறுதி சொல்ல முடியாது. என் எண்ணம், வெறும் ஒப்பிட்டுப் பொருத்தும் வேலை குறையும், ஏன் பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பவருக்குத் தேவை இருக்கும் என்பது. அது எண்ணம்தான், அத்தாட்சி இல்லை.

பி.காமா பிபிஏ-வா என்பதற்கு: அக்கவுன்ட்ஸ், வருமான வரி, காஸ்டிங், ஆடிட்டிங் இவற்றில் பி.காம் ஆழமாகப் போகும். பிபிஏ ஒரு கம்பெனியின் எல்லாப் பிரிவுகளையும் தொட்டுக்கொண்டு போகும், ஃபைனான்ஸ் அதில் ஒரு பங்கு. சிஏ, சிஎம்ஏ (காஸ்ட் அக்கவுன்டன்ட்) தான் குறி என்று தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால் பி.காம் எடுக்கச் சொல்லியிருப்பேன். இப்போது இரண்டாம் ஆண்டில் இருந்து மாறுவது பெரும்பாலும் முதலாண்டிலிருந்து மறுபடி தொடங்குவதாகத்தான் முடியும். அந்த இழப்புக்கு ஈடான லாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஃபைனான்ஸ் எடுப்பதென்று முடிவானால் வகுப்பை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். தங்கைக்குப் பொருள் தெரிந்த ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளட்டும், கோவையிலேயே பங்குச் சந்தையில் பட்டியலிட்டவை இருக்கின்றன: எல்ஜி எக்விப்மென்ட்ஸ், எல்எம்டபிள்யூ (முன்பு லட்சுமி மெஷின் ஒர்க்ஸ்) மாதிரி. அவற்றின் மூன்று வருட ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். முதலில் பணவரவு அறிக்கையைப் படித்துவிட்டு அப்புறம் லாப நஷ்டக் கணக்குக்குப் போகட்டும். லாபம் ஏறியிருக்க, செயல்பாட்டிலிருந்து வந்த பணம் ஏறவில்லை என்றால் காரணம் எங்கே என்று பேலன்ஸ் ஷீட்டில் தேட வேண்டும், பெரும்பாலும் வரவேண்டிய பாக்கியிலோ கையிருப்பிலோ இருக்கும். எக்செல் அவசியம். அதில் திட்டத்தின் பணவரவுகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் என்பிவி என்ற ஃபங்ஷன், முதல் தொகையை ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும், ஆகவே இன்றைக்குப் போடும் முதலீட்டை அதற்கு வெளியே தனியாகக் கழிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் இதைத் தவறாகச் செய்பவர்கள் உண்டு. விடுமுறையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சம்பளம் இல்லாமலாவது இரண்டு மாதம் உட்கார்ந்து ஜிஎஸ்டி ரிட்டர்ன், வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (சரக்குக் கையிருப்பு விவரம்) இவற்றைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும். செபியின் என்ஐஎஸ்எம் நிறுவனம் நடத்தும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் சான்றிதழ்த் தேர்வை மாணவர்களும் எழுதலாம். பாடம் எளிது, நேர்காணலில் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

கடைசியாக, படிவத்தில் டிக் செய்வதற்கு முன் தங்கை கல்லூரியில் மூன்று விஷயம் விசாரிக்கட்டும். ஃபைனான்ஸ் தாள்களை யார் நடத்துகிறார்கள், அவர் போர்டில் சம் போட்டுக் காட்டுகிறாரா இல்லை நோட்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறாரா. போன வருடம் எத்தனை பேர் எடுத்தார்கள், அதில் எத்தனை பேர் முதல் முறையிலேயே பாஸ். மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டை உண்மையான கம்பெனிக்குப் போய்ச் செய்ய விடுகிறார்களா. சீனியர் மாணவிகளிடம் கேட்டால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மூன்றுக்கும் பதில் மோசமாக இருந்து, தங்கைக்கு மனிதர்களோடு பழகும் வேலையில்தான் ஈடுபாடு என்றால், மார்க்கெட்டிங் எடுத்துக்கொண்டு ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் பொதுத் தாளை மட்டும் நன்றாகப் படிக்கட்டும். அந்தத் தாள் எப்படியும் எல்லோருக்கும் உண்டு.